பாட்டோடு அட்டையும் வரட்டும்: டர்பன் வீடுகளின் டிஜிட்டல் இசைத் தொகுப்புக்கு அட்டைப்படம் சேர்க்க முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும், பழைய தமிழ் வீட்டில் ஒரு பெட்டி நிறைய பாட்டு இருக்கும். ரெக்கார்டு, கேசட், சி.டி. எனத் தலைமுறைக்கு ஒன்றாகச் சேர்த்தவை. அவற்றையெல்லாம் பிள்ளைகள் இப்போது கணினிக்கு மாற்றி வருகிறார்கள். ஆனால் மாற்றும்போது பாட்டு மட்டும்தான் வருகிறது. அட்டை பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. போனில் திறந்தால் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் வரிசையாக நிற்கின்றன.

அட்டைப்படம் வெறும் அலங்காரம் என்று நினைத்து இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நம் வீடுகளில் அப்படி இல்லை. கோயில் தமிழ்ப் பள்ளியில் படித்த ஆயா தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பார். பேரனுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான். சினிமாப் படத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதோ ஆளுக்கொரு விதம்: ஒருவர் நெடிலுக்கு இரண்டு எழுத்து போடுவார், இன்னொருவர் ஒன்றோடு நிறுத்துவார், தேடினால் கிடைக்காது. “அந்த மஞ்சள் அட்டைப் பாட்டைப் போடு கண்ணு” என்று ஆயா சொன்னால், மஞ்சள் அட்டை திரையில் இருந்தால்தான் பேரனால் போட முடியும். இருவரும் ஒரே மாதிரி படிக்கக்கூடியது அந்தப் படம் ஒன்றுதான். அதனால் இந்த வேலையை அக்கறையோடு, வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

எந்தப் படம் சரியான படம்?

முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்; மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். என் முடிவு இது: ஒலி எந்தப் பொருளிலிருந்து வந்ததோ, அந்தப் பொருளின் அட்டைதான் சரியான அட்டை. கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுக்குக் கேசட் அட்டை. ரெக்கார்டிலிருந்து மாற்றியதற்கு ரெக்கார்டு உறை. இணையத்தில் கிடைக்கும் சினிமா சுவரொட்டி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது வேறு பொருள். சுவரொட்டி நெட்டையாக இருக்கும். சதுரமாக வெட்டினால் தலை போகும் அல்லது பெயர் போகும். அதைவிட முக்கியமானது, வீட்டில் யார் நினைவிலும் அந்தச் சுவரொட்டி இல்லை. அவர்கள் கையில் பிடித்துப் பார்த்தது உறையைத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பிரதியின் அட்டை கிழிந்தோ தொலைந்தோ போயிருந்தால், அதே வெளியீட்டின் அட்டையை வேறிடத்தில் தேடி எடுக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தொடங்கும் முன்: நகலும் மின்சாரமும்

மொத்தத் தொகுப்பையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். வேலை முடியும் வரை அதைத் தொடக் கூடாது.

அடுத்தது மின்சாரம். ஒரு பாட்டுக் கோப்புக்குள் படத்தைப் பதிக்கும்போது, தலைப்பகுதியில் காலியிடம் போதவில்லை என்றால் மென்பொருள் கோப்பு முழுவதையும் திரும்ப எழுதும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நின்று கெட்டுப்போகலாம். லோட் ஷெட்டிங்கைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. பேட்டரி நிறைந்த மடிக்கணினியில் வேலை செய்யுங்கள். மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ். வேண்டும். வெளி டிஸ்க் தனி மின்சாரத்தில் ஓடும் வகையாக இருந்தால், பாட்டுகளை முதலில் மடிக்கணினிக்குள் கொண்டுவந்து, அங்கே வேலையை முடித்துத் திரும்ப அனுப்புங்கள்.

மூன்றாவது, டேட்டா செலவு. தொகுப்பைக் கிளவுடில் ஏற்றும் எண்ணம் இருந்தால், அட்டைப்பட வேலையை முடித்த பிறகே ஏற்றுங்கள். படம் பதித்ததும் ஒவ்வொரு கோப்பும் மாறிவிட்ட கோப்பு; பல சேவைகள் அதைப் புதிதாக மறுபடியும் ஏற்றும்.

முதலில் பெயர்கள், பிறகுதான் படம்

பெயர்கள் குழம்பிக் கிடக்கும்போது படம் ஒட்டினால் பயன் இல்லை. பிளேயர் மென்பொருள்கள் ஒரு ஆல்பத்தை ஆல்பம் பெயர், ஆல்பம் கலைஞர் என்ற இரண்டு டேக்குகளை (பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் விவரங்களை) வைத்துத்தான் பெரும்பாலும் அடையாளம் காண்கின்றன. தமிழ்த் திரைப்பாடல் தொகுப்பில் கலைஞர் என்ற இடத்தில் பாடகர் பெயர் இருக்கும். ஆல்பம் கலைஞர் இடம் காலியாக இருந்தால் டி.எம்.எஸ். பாடியவை ஒரு ஆல்பம், சுசீலா பாடியவை இன்னொரு ஆல்பம், இருவரும் சேர்ந்து பாடியது மூன்றாவது ஆல்பம் என்று ஒரே சினிமாவின் பாட்டுகள் சிதறிவிடும். அட்டையும் மூன்று இடத்தில் நிற்கும்.

அதனால் ஆல்பம் கலைஞர் இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், ஆல்பத்தின் எல்லாப் பாட்டுக்கும் ஒரே எழுத்தில். பல படங்களிலிருந்து பொறுக்கிய தொகுப்பு என்றால் ‘பலர்’ என்று போடலாம். ஒரே தலைப்பில் இருவேறு காலத்தில் இரண்டு படங்கள் வந்திருப்பது தமிழில் சாதாரணம். ஆல்பம் பெயருக்குப் பின்னால் ஆண்டைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. ஒரு ஆல்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்ற ஒழுங்கும் வேண்டும்.

பெயரைத் தமிழ் எழுத்தில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்திலும், உள்ளே டேக்கைத் தமிழிலும் வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய கார் ஸ்டீரியோக்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பது உண்மைதான். அந்த இடத்தில்தான் படம் கைகொடுக்கும்.

டேக் வேலைக்கு விண்டோஸிலும் மேக்கிலும் எம்பி3டேக், லினக்ஸில் கிட்3 நல்லவை. இரண்டிலும் ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் மாற்றலாம்.

ஏற்கெனவே ஒட்டியிருக்கும் குப்பை

இணையத்திலிருந்து யாரோ இறக்கிக் கொடுத்த பாட்டுகளுக்குள் அந்தத் தளத்தின் முத்திரை படமாகப் பதிந்திருக்கும். சில கோப்புகளில் இரண்டு மூன்று படங்கள்கூட இருக்கும்: முதலாவது விளம்பரம், இரண்டாவது உண்மையான அட்டை. எந்தப் பிளேயர் எதைக் காட்டும் என்று சொல்ல முடியாது. எம்பி3டேக்கில் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தால் இடது பக்கம் கீழே அட்டைப்படத்துக்கான கட்டம் தெரியும். அங்கே வலது கிளிக் செய்து எல்லாப் படத்தையும் நீக்கிவிட்டுச் சேமியுங்கள். நல்ல அட்டை ஏதாவது உள்ளே இருந்தால், நீக்கும் முன் அதைக் கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குப்பை கண்ணுக்குத் தெரியாதது. பழைய விண்டோஸ் மீடியா பிளேயர், ஒவ்வொரு ஆல்பத்தின் ஃபோல்டரிலும் மறைவான சின்னப் படங்களைப் போட்டு வைக்கும். பெரியதே 200 பிக்சல்தான். நீங்கள் நல்ல படத்தை அதே பெயரில் வைத்தால் அது மேலெழுதிவிடவும் கூடும். மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி விண்டோஸில் மாற்றி, அவற்றைத் தேடி அழியுங்கள். பிறகு அந்தப் பழைய பிளேயரை இந்தத் தொகுப்பின் பக்கமே விடாதீர்கள்.

ரெக்கார்டு உறையை ஸ்கேன் செய்வது

நேரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய இடம் இது.

டர்பனின் கடலோர ஈரத்தில் உறைகள் பூஞ்சை பிடிக்கும். வெளி வராந்தாவில், முகக்கவசம் கட்டிக்கொண்டு, உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டித் துடையுங்கள். தண்ணீரோ துடைக்கும் திரவமோ வேண்டாம். அச்சு மை கரையும், அட்டை உப்பும். இசைத்தட்டை உறைக்குள்ளிருந்து எடுத்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

பெரிய எல்.பி. உறை பக்கத்துக்குச் சுமார் 31.5 சென்டிமீட்டர். வீட்டு ஸ்கேனரின் கண்ணாடி ஏ4 அளவு, அதாவது 21 சென்டிமீட்டருக்குச் சற்று அதிக அகலம், 29.7 சென்டிமீட்டர் நீளம். இரண்டு பக்கத்திலும் உறை வெளியே நிற்கும். ஆகவே நான்கு மூலையாக நான்கு தடவை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடுத்ததோடு தாராளமாக மேற்படியட்டும். ஸ்கேனர் மூடி உறையின் விளிம்பில் முட்டி அட்டையைத் தூக்கும் என்பதால், கழற்றக்கூடிய மூடி என்றால் கழற்றிவிட்டு மேலே ஒரு கறுப்புத் துணியைப் போடுங்கள்.

அமைப்பில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். தானியங்கி வெளிச்சம், தானியங்கி நிறத் திருத்தம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நான்கு துண்டும் நான்கு நிறத்தில் வரும், எப்படி ஒட்டினாலும் நடுவில் சிலுவைக் கோடு தெரியும். டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) 600 வையுங்கள். அச்சில் உறைகள் சின்னப் புள்ளிகளால் ஆனவை. குறைந்த அளவில் ஸ்கேன் செய்தால் அந்தப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதி, முகத்தின் மேல் வலை விழுந்ததுபோல் தெரியும். 600-இல் எடுத்துப் பிறகு சிறிதாக்கினால் அது பெரும்பாலும் மறையும். மிச்சம் இருந்தால் ஸ்கேனர் மென்பொருளில் ‘டீஸ்கிரீன்’ என்ற வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். சேமிக்கும்போது தரம் குறையாத டிஃப் வடிவம். ஏ4 அளவு 600 டி.பி.ஐ. வண்ணப் படம் ஒன்று 100 எம்.பி.யைத் தாண்டும், ஒட்டி முடித்ததும் துண்டுகளை அழித்துவிடலாம், பயப்பட வேண்டாம்.

ஒட்டுவதற்கு ஹக்கின் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே ஃபோட்டோமெர்ஜ் உண்டு.

ஸ்கேனர் இல்லாதவர்கள் போனில் எடுக்கலாம், நன்றாகவே வரும். உறையைத் தரையில் வைத்து, நாற்காலியில் ஏறி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் நேர் மேலிருந்து எடுங்கள். அருகில் போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். வெயில் நேரே படாத வராந்தா, வெளிச்சம் உள்ள காலை நேரம் சரி. ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான உறையில் வெள்ளைத் திட்டு விழும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், பிறகு நிறம் சரிசெய்யும்போது எது உண்மையான வெள்ளை என்று தெரியும்.

பின்னட்டையை விட்டுவிடாதீர்கள். முன்னட்டையில் நாயகன் நாயகி; பின்னட்டையில்தான் பாட்டு வரிசை, பாடியவர், எழுதியவர், வெளியீட்டு எண், அச்சான இடம் எல்லாம். கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல், எச்.எம்.வி. என்று முத்திரை வெவ்வேறாக இருந்தாலும், அடியில் கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா என்றும், ஊர் கல்கத்தா அல்லது டம்டம் என்றும் இருப்பதைப் பார்க்கலாம். நமக்கு இது இன்னும் முக்கியம். 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்திக்கொண்டது. திரும்பத் தொடங்கியது 1993-இல். அந்த இடைக்காலத்தில் நம் வீட்டுக்கு வந்த தட்டு எங்கே அச்சானது, யார் கைமாறி வந்தது என்பதற்கு வேறு ரசீது எதுவும் மிஞ்சியிருக்காது. பின்னட்டையும் அதன் மேல் உள்ள கடை முத்திரையும்தான் சான்று.

கடை முத்திரை என்றேன். இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று பெயர் மாறிய பழைய கிரே ஸ்டிரீட் பக்கம் வாங்கிய தட்டு என்றால், மூலையில் கடையின் ஊதா மை முத்திரை இருக்கலாம். விலைச் சீட்டு இருக்கலாம். தாத்தா தமிழில் போட்ட கையெழுத்து இருக்கலாம், பிடித்த பாட்டுக்கு நேரே பேனாவில் ஒரு டிக் இருக்கலாம். எதையும் உரிக்காதீர்கள், எதையும் ஃபோட்டோஷாப்பில் அழிக்காதீர்கள். கிழிசலையும் கறையையும் ‘புதுசாக்கி’ வைக்கும் ஆசை வரும். மூலப் படத்தில் அது அப்படியே இருக்கட்டும். மொபைலில் காட்டும் சின்னப் படத்தில் வேண்டுமானால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

கேசட், சி.டி., சின்னத் தட்டு

நாலு பாட்டு அடங்கும் ஏழு அங்குலத் தட்டின் உறை ஏ4 கண்ணாடியில் முழுதாக அடங்கும், ஒரே ஸ்கேன். சி.டி. புத்தகம் 12 சென்டிமீட்டர் சதுரம், அதுவும் எளிது. பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

கேசட் அட்டை நிற்கும் செவ்வகம். பிளேயர்கள் எல்லாமே சதுரத்தை எதிர்பார்ப்பவை; செவ்வகத்தைக் கொடுத்தால் சில நடுவில் வெட்டிக் காட்டும், சில நீட்டி முகத்தைக் கெடுக்கும். நீங்களே சதுரமாக்கிவிடுங்கள். வெட்டிச் சதுரமாக்காமல், அட்டையின் ஓர நிறத்தை எடுத்து இரண்டு பக்கமும் பட்டையாக நிரப்புங்கள். கறுப்புப் பட்டை போட்டால் எல்லாக் கேசட்டும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். அட்டையின் நிறத்தையே போட்டால் பச்சை பச்சையாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் நிற்கும். ஆயா தேடுவது அந்த நிறத்தைத்தானே. அட்டையை விரித்து, மடிப்புக்குள் இருக்கும் பாட்டுப் பட்டியலையும் ஒரு தடவை ஸ்கேன் செய்யுங்கள்.

இரண்டு படப் பாட்டுகள் பக்கத்துக்கு ஒன்றாக வந்த எல்.பி.க்கள் நம்மிடம் நிறைய. உறையும் பாதி பாதியாகப் பிரிந்திருக்கும். இதை இரண்டு ஆல்பமாகப் பிரித்து, அந்தந்தப் படத்தின் பாதியை வெட்டிச் சதுரமாக்கிப் பதியுங்கள். முழு உறையின் மூலப் படம் இரண்டு ஃபோல்டரிலும் இருக்கட்டும். சி.டி. காலத்தில் வந்த மூன்று படத் தொகுப்புகளுக்கும் இதே வழி.

இணையத்தில் தேடுவது

உங்கள் அட்டை தொலைந்திருந்தால் இரண்டு இடம் பாருங்கள். டிஸ்காக்ஸ் என்ற இசை வெளியீட்டுப் பட்டியல் தளத்தில் பழைய தமிழ் ரெக்கார்டுகளும் கேசட்டுகளும் கணிசமாக உண்டு; வெளியீட்டு எண்ணைப் போட்டுத் தேடினால் பெயர் எழுத்துக் குழப்பம் இருக்காது. எண் உறையில் இல்லாவிட்டாலும் தட்டின் நடு லேபிளில் இருக்கும். இன்னொன்று கவர் ஆர்ட் ஆர்க்கைவ் என்ற அட்டைப்படக் கிடங்கு, மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைத் தகவல் தளமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து 2012 முதல் நடத்துவது. பிக்கார்ட் என்ற மென்பொருள் அங்கிருந்து நேரே எடுத்துப் பதித்துவிடும்.

பிக்கார்டைத் தமிழ்த் தொகுப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட விடாதீர்கள். அது பாட்டை அடையாளம் கண்டு, பிற்காலத் தொகுப்பு சி.டி. ஒன்றின் பெயரையும் அட்டையையும் போட்டுவிடும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு ஆல்பமாகப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். நம்மிடம் நல்ல ஸ்கேன் இருந்து அங்கே இல்லாமல் இருந்தால், ஏற்றி வைப்பது இன்னொரு வீட்டுக்கு உதவும்.

அட்டையே இல்லாத பதிவுகள்

கடையில் வாங்கிய பாட்டைவிட இவைதான் விலைமதிப்பற்றவை. கோயிலில் பாடிய தேவாரம், கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், காவடி நாளில் எடுத்த பதிவு, விடிய விடிய நடந்த தெருக்கூத்து – இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் பெற்றது – இவை ஒரு வெற்றுக் கேசட்டில் இருக்கும். இவற்றின் அட்டையை உலகில் எந்தத் தளமும் தராது.

கேசட்டையே படம் எடுங்கள். லேபிளில் மாமாவோ பெரியம்மாவோ எழுதிய கையெழுத்து நன்றாகத் தெரியும்படி, ஏ பக்கம் ஒன்று, பி பக்கம் ஒன்று. அந்தக் கையெழுத்தை அடையாளம் காணக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே, யார் பாடியது, எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று கேட்டு டேக்கின் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். அன்றைய அழைப்பிதழோ ஆல்பத்துப் புகைப்படமோ கிடைத்தால் அதை முன்னட்டையாக்கிக் கேசட் படத்தை ஃபோல்டரில் வைக்கலாம். சரியாகத் தெரியாத ஆண்டைப் படத்தின் மேல் எழுதாதீர்கள்; டேக்கைத் திருத்துவது எளிது, படத்தில் எழுதியதைப் பிறகு யாரும் திருத்தமாட்டார்கள்.

படத்தின் மேல் தமிழில் எழுத வேண்டியிருந்தால் ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் எழுதுங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சரியான இடத்தில் நிற்கும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் ‘வேர்ல்டு ரெடி’ எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்து தடிமனாக, இரண்டு மூன்று சொல்லுக்குள் இருக்கட்டும்.

இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள்

முழு அளவு மூலப் படம் ஒன்று, ஃபோல்டரில். சின்னப் படம் ஒன்று, பாட்டுக்குள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 128 கே.பி.பி.எஸ். தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு 4 எம்.பி.க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 2 எம்.பி. படத்தைப் பதித்தால் கோப்பு பாதிக்குமேல் பருத்துவிடும். 5000 பாட்டு உள்ள தொகுப்பில் வெறும் படம் மட்டும் 10 ஜி.பி. அதையே 100 கே.பி. ஆக்கினால் 500 எம்.பி.யில் முடியும். போனின் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

பாட்டுக்குள் பதிக்கும் படத்துக்கு 600 பிக்சல் சதுரம் தாராளம். ஜேபெக் வடிவம், தரம் 85 பக்கம். நிறம் திரைக்கான எஸ்.ஆர்.ஜி.பி. முறை; அச்சுக்கடைக்காரர் கொடுத்த, அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. முறைப் படம் என்றால் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல பிளேயர்களில் நிறம் தலைகீழாகும் அல்லது படமே வராது. சேமிக்கும்போது ‘புரோகிரசிவ்’ என்ற குறியை எடுத்துவிடுங்கள். பல கார் ஸ்டீரியோக்கள் அந்த வகை ஜேபெக்கைக் காட்டாது. ‘கணினியில் தெரிகிறது, காரில் தெரியவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இதுதான்.

பதிக்கும் முன் ஒரு சோதனை: படத்தை 100 பிக்சலாகச் சுருக்கிக் கை நீட்டும் தூரத்திலிருந்து பாருங்கள். எந்த அட்டை என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால், சின்னப் படத்துக்கு மட்டும் ஓரத்தை இறுக்கி வெட்டலாம்.

கோப்புக்குள் பதிப்பது

எம்பி3டேக்கில் ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, படத்தை எடுத்து அட்டைக் கட்டத்துக்குள் இழுத்து விடுங்கள். கட்டத்துக்குக் கீழே வகை என்று ஒன்று இருக்கும்; அது ‘ஃப்ரன்ட் கவர்’ என்று இருக்க வேண்டும். எம்.பி.3 கோப்புகளின் ஐடி3 டேக்கில் படத்துக்கு 21 வகைகள் உண்டு: முன்னட்டை, பின்னட்டை, உள் ஏடு, தட்டின் லேபிள், பாடகர், பாடலாசிரியர் என்று. சில பிளேயர்கள் முன்னட்டை என்று குறித்ததை மட்டுமே தேடும். குறி தவறினால் படம் இருந்தும் தெரியாது. முன்னட்டையை மட்டும் பதியுங்கள்; பின்னட்டை ஃபோல்டரிலேயே இருக்கட்டும்.

சேமிக்கும் முன் அமைப்புகளில் எம்.பி.3 பகுதியைப் பார்த்து, ஐடி3 பதிப்பு 2.3, எழுத்து வடிவம் யு.டி.எஃப்.16 என்று இருக்கிறதா பாருங்கள். 2.4 பதிப்பை வாசிக்காத பழைய கருவிகள் இன்னும் நிறைய. 2.3-இல் தமிழ் எழுத்தை வைக்க யு.டி.எஃப்.16 தவிர வேறு வழி இல்லை.

மற்ற வடிவங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஃபிளாக் கோப்பில் படம் தனித் தொகுதியாக உட்காரும், அதிகபட்சம் 16 எம்.பி.; நமக்கு அது பிரச்சினையே இல்லை. எம்4ஏ கோப்பில் வகைகள் கிடையாது, முதல் படமே அட்டை. வேவ் கோப்பில் படம் வைப்பதை நம்பாதீர்கள், பெரும்பாலான பிளேயர்கள் பார்ப்பதில்லை. ரெக்கார்டிலிருந்து வேவ் ஆக மாற்றி வைத்திருந்தால் அதை ஃபிளாக் ஆக்கிவிடுங்கள். ஒலி ஒரு துளியும் குறையாது, இடமும் மிச்சம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: மியூசிக் செயலி தானாகத் தேடிக் கொண்டுவரும் அட்டை கோப்புக்குள் போவதில்லை, அது தன் கிடங்கில் தனியாக வைத்துக்கொள்கிறது. பென் டிரைவுக்கு நகலெடுத்ததும் படம் காணாமல் போவது அதனால்தான். கையால் பதித்தால்தான் கூடவே வரும்.

போன், கார், வீட்டு சர்வர்

ஃபோல்டரில் வைக்கும் படத்துக்கு ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில், ‘கவர்’ என்று பெயர் வையுங்கள். வீட்டுக்குள் பாட்டும் படமும் பரிமாற உதவும் மென்பொருள்களான ஜெல்லிஃபின், பிளெக்ஸ், நேவிட்ரோம், கோடி நான்கும் அந்தப் பெயரை ஏற்கும். லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு பெயர் என்பதை நினைவில் வைத்திருந்தால் பாதித் தலைவலி குறையும். இங்கே வைப்பது மூலத்திலிருந்து 1500 பிக்சலில் எடுத்த நகலாக இருந்தால் டிவி திரைக்கும் போதும். டிஃப் மூலத்தை ஆல்பத்துக்குள் ‘ஸ்கேன்’ என்று ஒரு உள் ஃபோல்டரில் வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒரு பொறி. அட்டைப்படங்கள் கேலரிக்குள் வந்து குடும்பப் படங்களோடு கலக்கின்றன என்று, இசை ஃபோல்டருக்குள், அதைத் தேட வேண்டாம் என்று போனுக்குச் சொல்லும் ‘நோமீடியா’ கோப்பை வைக்கச் சொல்வார்கள். வைத்தால் படம் மட்டுமல்ல, பாட்டும் சேர்ந்து மறையும். போனுக்கு அனுப்பும்போது படம் பதிந்த பாட்டை மட்டும் அனுப்புங்கள், தனிப் படக் கோப்பை விட்டுவிடுங்கள். அட்டையை மாற்றியும் பழையதே தெரிந்தால், போன் தன் நினைவில் வைத்ததைக் காட்டுகிறது: அந்த ஆல்பத்தைப் போனிலிருந்து அழித்து, பிளேயரை மறுபடி தேடச் சொல்லி, பிறகு புதிதாக நகலெடுங்கள்.

காருக்கான பென் டிரைவை ஃபேட்32 வடிவில் வைத்து ஒரே ஒரு ஆல்பத்தோடு முதலில் சோதியுங்கள். படம் வந்தால் மற்றதைப் போடலாம். வராவிட்டால் அதே கோப்பில் படத்தை 300 பிக்சலாகக் குறைத்துப் பாருங்கள்.

சரிபார்ப்பும் நகல்களும்

எம்பி3டேக்கின் பட்டியலில் அட்டையின் அகலத்தைக் காட்டும் பத்தி ஒன்றைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள். மேலே காலியாக நிற்பவை அட்டை இல்லாதவை. அடுத்து 75, 200 என்று நிற்பவை தப்பி ஒளிந்த பழைய குப்பை. ஒரே ஆல்பத்தில் இரண்டு அளவு தெரிந்தால் ஏதோ ஒரு பாட்டு விடுபட்டிருக்கிறது.

கோப்பின் மாற்றத் தேதியை மாற்றாமல் வைக்கும் வசதியை இந்த வேலையின்போது அணைத்து வையுங்கள். தேதி மாறாவிட்டால் பேக்கப் மென்பொருள் ‘எதுவும் மாறவில்லை’ என்று விட்டுவிடக்கூடும், உங்கள் உழைப்பு நகலுக்குப் போகாது.

2022 ஏப்ரல் வெள்ளம் குவாசுலு-நடாலில் வீடுகளையே அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். ஒரே வீட்டில் மூன்று டிஸ்க் வைத்திருந்தாலும் அது ஒரு நகல்தான். ஜோஹன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ இருக்கும் அக்காவிடமோ அண்ணனிடமோ ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கு வரும்போது புதியதோடு மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்கேன் முடிந்த உறைகளை வெளிச் சுவரை ஒட்டி வைக்காமல், தரையிலிருந்து உயர்த்தி, புத்தகம்போல நிமிர்த்தி அடுக்குங்கள். வீட்டில் இடம் இல்லாமல் கொடுத்துவிட வேண்டிய நிலை வந்தால், குறிப்பாக உள்ளூர்ப் பதிவுகளையும் அவற்றின் அட்டைகளையும், வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது பாட்டுக் கோப்பும் ஸ்கேனும் குறிப்புகளும் உள்ள பென் டிரைவ் ஒன்றையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள்.